பத்து நாற்பதுக்கு ஒரு நாற்காலி

பதினாறு வருடம்
கௌனாஸ் நகரத்துப் பல் மருத்துவமனையில்
தொலைபேசிக்குப் பதில் சொன்னவள் நான்.
'வர முடியாது' என்பதை
எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று
என்னைக் கேளுங்கள்:
காய்ச்சல், கார் பழுது, மாமியார்,
ட்ராலிபஸ் கம்பி அறுந்துவிட்டது.
பயம் என்று மட்டும்
ஒருவரும் சொன்னதில்லை.

அவர்கள் வராத வேளையில்
வெறும் தலையணைமேல் விளக்கு எரியும்.
டாக்டர் உர்பெல்யேனே ஜன்னலோரம் காபி குடிப்பார்.
ஊரின் இன்னொரு மூலையில் யாரோ
கன்னத்தைப் பொத்திக்கொண்டு
மூன்று வாரம் தள்ளிக் கிடைத்த தேதியை
எண்ணிக்கொண்டிருப்பார்.
இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட
ஒரு செயலி போதும் என்று தோன்றியது.
தோன்றியதோடு விட்டிருக்கலாம்.

வேலையை விட்டேன்.
எய்மான்டஸ் என்ற பையன்
இரண்டாயிரம் யூரோ வாங்கிக்கொண்டு
"பின்பக்கம் முடிந்தது, முன்பக்கம்தான் பாக்கி" என்றான்.
எனக்கு எந்தப் பக்கமும் தெரியாது.
தலையாட்டினேன்.
பிறகு அவன் எண் ஒலிக்கவே இல்லை.
வர முடியாது என்பதைச் சொல்ல
அது நான் அறியாத பதினேழாம் வருடத்து விதம்.

நேமுனாஸ் நதி விளிம்பில் உறையத் தொடங்கிய மாதம்.
சமையலறை மேசையில் கணினி.
பக்கத்தில் ஆறிப்போன பீட்ரூட் சூப்.
நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்று
பெட்டி பெட்டியாக அடுக்கும் கருவி ஒன்று உண்டு.
பெட்டிக்கும் பெட்டிக்கும் கோடு இழுக்க வேண்டும்:
இவர் ரத்து செய்தால்
அவருக்குச் சொல்.
நான் வாயால் செய்துவந்த வேலைதான்.
ஆனால் வாய்க்குத் தெரிந்ததெல்லாம்
கோட்டுக்குத் தெரியவில்லை.
'வந்தால்' என்று எழுதிவிட்டு
'வராவிட்டால்' எழுத மறந்து
எத்தனை இரவு!
வராதவர்களோடே வாழ்ந்தவள் செய்கிற தவறா அது?

வெளியிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை.
பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.
மாலைக்குள் பதினொரு வருகை.
ஒன்பது நான்.
ஒன்று என் தம்பி.
மற்றது கிளைபேடாவிலிருந்து யாரோ,
நான்கு விநாடி.
அந்த நான்கு விநாடியில்
அவர் எதைப் பார்த்திருப்பார் என்று
விடிய விடிய யோசித்தேன்.

கடைசியில் பழைய வாசலில்தான் போய் நின்றேன்.
என் இடத்துப் புதுப்பெண்
தோளில் தொலைபேசியை இடுக்கியபடி
என்னை உட்காரச் சொன்னாள், நோயாளியைப் போல.
"முதல் மாதம் இலவசம்" என்றேன்.
"விலையைச் சொல்" என்றார் டாக்டர்.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது முப்பத்தொன்பது.
நாக்கு பத்தொன்பது என்றது.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்.
மாலை ஐந்துக்கு ஒருவருக்குப் போகவேண்டிய செய்தி
இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் போனது,
அதிகாலை மூன்றுக்கு.
கடிகாரம் கலிஃபோர்னியாவில் இருந்திருக்கிறது.
அங்கே அப்போது மாலை ஐந்துதான், அதில் குறையில்லை.
'பத்து நாற்பதுக்கு நாற்காலி காலி. வருகிறீர்களா?'
தூங்கும் ஊரெங்கும்
என் மென்பொருள் பல்லை இளித்தது.

பதில்கள் வந்தன.
யார் நீ.
எனக்குப் பல்லே இல்லை, ஆனாலும் விசாரித்ததற்கு நன்றி.
இரண்டு வசவு, ஒன்று ரஷ்ய மொழியில்.
பிறகு:
விழித்துத்தான் இருக்கிறேன். வலி. வருகிறேன்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மன்னிப்பு எழுதினேன்,
எந்தப் பெட்டியும் கோடும் இல்லாமல்.
நூற்று அறுபதாவது மன்னிப்பில்
முதல் ட்ராலிபஸ் போகும் சத்தம்.

பத்து முப்பத்தெட்டு.
காத்திருப்போர் வரிசையில்
ஒரு பழைய பத்திரிகைக்குப் பின்னால் நான்.
கன்னத்தைச் சுற்றிச் சால்வை கட்டிய ஒருவர்
கதவைத் தோளால் தள்ளி நுழைந்தார்.
"ராத்திரி மூன்று மணிக்கு எழுதிய பெண்
இங்கேதானா?"
புதுப்பெண்ணுக்குக் கண்ணாலேயே
இல்லை என்று சொன்னேன்.
அவள் பேனாவை நீட்டி
என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.